எளாவூரில் திறந்த புகையிலை டின்

உப்பிய டின்னைக் கண்டால் என் கை அதைத் தானாக ஒதுக்கி வைத்துவிடும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் டின் செய்யும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். சாப்பாட்டுப் பொருள் அடைத்த டின்னின் மூடி லேசாக உள்வாங்கி இருக்க வேண்டும். வெளியே புடைத்திருந்தால் உள்ளே ஏதோ கெட்டு, வாயு கிளம்பியிருக்கிறது என்று அர்த்தம். யோசிக்கவே வேண்டாம், அது கழிவுக் கூடைக்கு. இருபது வருடமாக இதையே செய்து, கடையில் பால்பவுடர் வாங்கும்போதுகூட மூடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

அதனால்தான் அந்த மழைக்காலத்தில் வேப்பம்பட்டு வீட்டுப் பரணில் என் கணவரின் புகையிலை டின்களைப் பார்த்தபோது எல்லாம் போச்சு என்று நினைத்தேன். பாதிக்கு மேல் உப்பிப்போய் இருந்தன.

புகையிலை என்றால் வெற்றிலையோடு போடுகிற புகையிலை இல்லை. பைப்பில் அடைத்துப் பிடிப்பது. எங்கள் பக்கத்தில் பைப் பிடிக்கிற ஆளை நான் கல்யாணத்துக்கு முன் பார்த்ததே கிடையாது. என் அப்பா வயல் கூலி வேலையை விட்டுவிட்டு இரும்பு உருட்டும் மில்லுக்குப் போனவர். அவருக்கு பீடிதான். கல்யாணமான புதிதில் இவர் மொட்டை மாடியில் நின்று அந்த வளைந்த மரக்குழாயை வாயில் வைத்துக்கொண்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சினிமாவில் பணக்கார அப்பா வேஷம் போடுகிறவரைப் போல இருந்தார்.

அவர் சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் பொறியாளர். எட்டு ஒன்பது மாதம் கடலில் இருப்பார், மூன்று மாதம் வீட்டில். கப்பலில் அவருக்கு மேலதிகாரியாக இருந்த கிரேக்கர் ஒருவர்தான் பைப்பைப் பழக்கிவிட்டிருக்கிறார். ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் வட்டத்திலும் சதுரத்திலுமாகத் தட்டையான டின்கள் சிலவற்றைக் கொண்டுவருவார். ஒன்றைத் திறந்து பிடிப்பார். மற்றவற்றின் அடியில் அந்த வருடத்தை எழுதி ஒட்டிப் பரணில் ஏற்றிவிடுவார்.

"எதுக்குங்க மேல ஏத்தறீங்க? வாங்கினு வந்தத குடிச்சி முடிக்க வேண்டியதுதான?" என்று கேட்டேன்.

"இது அரிசி மாதிரிதான். புது அரிசி கொழையும், பழச வடிச்சா உதிரியா நிக்கும். டின்னுக்குள்ள கொஞ்சூண்டு காத்து மாட்டிக்கினு இருக்குது பாரு, அத்த வெச்சிக்கினே இலை மெதுவா மாறும். காரம் கொறையும், இனிப்பு ஏறும். நடுவுல தொறந்துட்டா அவ்ளோதான், காஞ்சி போயிடும்."

"எவ்ளோ நாள் ஆவும்?"

"அஞ்சு வருஷத்துல ஒரு ருசி. பத்து வருஷத்துல வேற ருசி."

நான் பேருந்து நிற்பதற்கு முன்பே இறங்குகிறவள். குக்கரில் மூன்றாவது விசில் வருவதற்குள் அடுப்பை அணைத்துவிட்டு, அரிசி வேகவில்லை என்று மறுபடி பற்றவைக்கிறவள். மாங்காய் ஊறுகாய் போட்டால் உப்பு பிடிப்பதற்குள் பாதி ஜாடி காலியாகிவிடும். கம்பெனியிலும் என் வேலை மூடிய டின்னை அறுத்துப் பார்ப்பதுதான். மூடியின் ஓரமும் உடம்பின் ஓரமும் ஒன்றோடொன்று மடிந்து இறுகியிருக்கிறதா என்று அறுத்து, அளந்து, தூக்கிப் போடுவேன். அப்படிப்பட்டவளுக்கு, ஒரு பொருளை வாங்கிப் பத்து வருடம் தொடாமல் வைத்திருக்கிற ஆளோடு குடித்தனம்.

அவர் கடலில் இருந்த மாதங்களில் அந்த டின்களைப் பற்றி நினைத்ததே இல்லை. அவர் வந்து மொட்டை மாடிக்குப் போனால், கீழே துணி மடித்துக்கொண்டிருக்கும் எனக்கு அந்த வாசனை வரும். பீடி நாற்றம் போல மூக்கைக் குத்தாது. பிடித்திருந்தது என்று நான் ஒருபோதும் அவரிடம் சொன்னதில்லை.

பிறகு ஒரு நாள் எல்லாம் நின்றது. கப்பல் ஏறுவதற்கு முன்னால் வழக்கமாகச் செய்கிற உடல் பரிசோதனைக்குப் போனவரை அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். இதயக் குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். இனிமேல் கப்பலில் போவதற்குத் தகுதிச் சான்று கிடைக்காது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். மருத்துவர் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மூன்று முறை சொன்னார். புகை கூடாது. பக்கத்தில் ஒருவர் பிடித்தாலும் நகர்ந்து போய்விட வேண்டும்.

இவர் தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்ததும் பைப்புகளைத் துடைத்து ஒரு செருப்பு டப்பாவில் போட்டு மூடினார். நான் பயந்துகொண்டிருந்த சண்டை வரவே இல்லை.

வந்தது வேறு ஒன்று. அந்த மனிதருக்கு வீட்டில் நிலைகொள்ளவில்லை. தண்ணீர் மோட்டார் ஓடும்போது பக்கத்தில் போய் நின்று காது கொடுத்துக் கேட்பார். நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றித் தரையில் பரப்புவார். எதிர்வீட்டு மோட்டார், பக்கத்துத் தெருவில் ஒருவருடைய ஜெனரேட்டர் என்று எல்லாவற்றையும் பிரித்து மாட்டிவிட்டார். செய்ய ஒன்றும் இல்லாத நாளில் ரயில் நிலையத்துக்கு நடந்து போவார். நடைமேடையில் நின்று, சென்ட்ரலுக்குப் போகிற இரண்டு வண்டிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். ரயிலில் ஏறுவதில்லை. என் கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவுக்கு ஆள் கேட்டார்கள். இவருடைய அனுபவத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்வார்கள். "பாக்கலாம்" என்றார். அந்தப் 'பாக்கலாம்' மாதக்கணக்கில் ஓடியது.

எனக்கும் நிலைகொள்ளவில்லை. கம்பெனியில் டின்னை அறுக்கிற நேரத்தில் நினைப்பு வேப்பம்பட்டில் இருக்கும். இடைவேளை கிடைத்தால் போன் செய்வேன். மாத்திரை போட்டீர்களா, சாப்பிட்டீர்களா, எங்கே இருக்கிறீர்கள். வீட்டுக்கு வந்ததும் அவருடைய சட்டையை எடுத்து முகர்ந்து பார்ப்பேன். மாடிக்குப் போய்க் கைப்பிடிச் சுவரோரம் சாம்பல் கிடக்கிறதா என்று தேடுவேன். ஒரு முறைகூடக் கிடைத்ததில்லை. கிடைத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், சண்டை போட்டிருந்தால் ஆறியிருக்கும். ஒன்றும் கிடைக்காததால் மறுநாளும் தேடினேன்.

பரணில் டின்கள் அப்படியே இருந்தன. "அதையெல்லாம் யாருக்காவது குடுத்துடலாமே" என்று ஒரு நாள் மெல்ல ஆரம்பித்தேன்.

"இருக்கட்டும். நான் ஒண்ணும் குடிக்கல இல்ல?"

நான் துணி மடிக்கப் போய்விட்டேன்.

அந்த வருட மழையில் பரணுக்கு மேலே கூரை ஒழுகியது. சுவரில் ஈரம் இறங்குவதைப் பார்த்து நான்தான் ஏணி போட்டு ஏறி, டின்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினேன். சிலவற்றின் ஓரங்களில் துரு ஏறியிருந்தது. கூடத்தில் செய்தித்தாள் விரித்து, கை பழக்கத்தில் பிரித்து அடுக்கினேன். உப்பியவை இடது பக்கம், கழிக்க. தட்டையாக, பார்க்க அழகாக இருந்தவை வலது பக்கம், வைத்துக்கொள்ள.

ஸ்டேஷனிலிருந்து திரும்பியவர் வாசலிலேயே நின்று பார்த்தார். பிறகு சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

"இன்னாங்க சிரிக்கிறீங்க? பாதி டின்னு கெட்டுப் போயி உப்பிக்கினு இருக்குது."

"தலகீழா அடுக்கி வெச்சிருக்க. உப்புனா நல்லதுமா. உள்ள இலை வேல செஞ்சிக்கினு இருக்குது, அந்தக் காத்து வெளிய போவ வழி இல்ல, அதான் மூடியத் தள்ளுது. தட்டையா இருக்கறதப் பாத்துதான் பயப்படணும். எங்கியோ ஓட்ட."

நான் நம்பவில்லை. மறுநாள் பத்துப் பன்னிரண்டு டின்களைப் பையில் போட்டுக் கம்பெனிப் பேருந்தில் கொண்டு போனேன். எங்கள் பரிசோதனை அறையில் ஒரு கண்ணாடித் தொட்டி உண்டு. டின்னைத் தண்ணீரில் முக்கித் தொட்டியை மூடி, மேலிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்தால், ஓட்டையுள்ள டின்னிலிருந்து குமிழ் கிளம்பும். மேலாளரிடம் சொல்லிவிட்டு, மதிய இடைவேளையில் ஒவ்வொன்றாக முக்கினேன். அவரும் ஆர்வத்தோடு பக்கத்தில் நின்று பார்த்தார். தட்டையாக இருந்தவற்றில் ஒன்று விடாமல் துருப்பிடித்த ஓரத்திலிருந்து ஊசி ஊசியாகக் குமிழ்கள் வந்தன. உப்பியவற்றில் ஒன்றுகூட வரவில்லை.

என்னோடு வேலை செய்கிற எளாவூர்ப் பெண் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, இது உங்க ஊட்டுக்காரரு மாதிரியே கீது. உள்ள எவ்ளோ இருந்தாலும் வெளிய வுடாது."

மேலாளர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் ஓட்டை டின்களை அவரே திறந்தார். எல்லாம் சருகாகியிருந்தன, தொட்டால் பொடி. ஒன்று மட்டும் சமீபத்தில்தான் ஓட்டையாகியிருக்க வேண்டும். இலை இன்னும் மெத்தென்று, கருஞ்சிவப்பாக இருந்தது. ஆனால் அதன்மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

"பூஞ்சை" என்றேன்.

"இல்ல. லென்ஸு வெச்சிருக்கியே, எடுத்துக்கினு வா."

டின் ஓரம் பார்க்க நான் கைப்பையில் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். பூஞ்சையாக இருந்தால் பஞ்சுபோல இருக்கும். இவை பளிச்சிட்டன. பழைய பேரீச்சம்பழத்தின்மேல் படிகிற சர்க்கரையைப் போல, கூரான சின்னச் சின்னக் கற்கள்.

"இலைக்குள்ள இருந்த இனிப்பு மேல வந்து பூத்திருக்குது" என்றார். டின்னை மூக்கருகே கொண்டுபோய் ஒரே ஒரு முறை மூச்சை இழுத்தார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூடியை வைத்து என்னிடம் கொடுத்தார். "எடுத்துக்கினு போயி குப்பையில போட்டுடு. எனக்குத் தெரியாத எடத்துல போடு."

நல்ல டின்கள் ஒரு தெர்மோகோல் பெட்டி கொள்ளும் அளவுக்குத் தேறின. அந்தப் பெட்டியும் அவர் மாத்திரை வாங்குகிற மருந்துக் கடையில் கேட்டு வாங்கியதுதான். புகையிலைக்குச் சூடு ஆகாது, சூட்டில் வெந்து போய்விடும் என்று, இத்தனை வருடம் பரணில் கிடந்ததை மறந்துவிட்டுப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். வெயில் காலம் வந்ததும் பெட்டி நடக்க ஆரம்பித்தது. ஒரு நாள் சாப்பாட்டு மேசைக்கு அடியில், ஒரு நாள் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில், ஒரு நாள் குளியலறைக் கதவோரம். கையில் ஒரு தெர்மாமீட்டர் வேறு. நான் இரண்டு முறை தடுக்கி விழப்பார்த்தேன். "இந்தப் பொட்டி இருந்தா நான் இருக்க மாட்டேன்" என்று கத்தியே விட்டேன்.

அவர் யாருக்கோ போன் செய்தார். கப்பலில் கூட வேலை செய்த நண்பர் ஒருவர், கடலை விட்டுவிட்டுத் தடாவைத் தாண்டி ஆந்திரா பக்கம் இறால் பதப்படுத்துகிற குளிர் அறை வைத்திருக்கிறார். அங்கே முன்னறையில் எப்போதும் ஒரே சீரான குளிர்ச்சி இருக்கும். டின் மூடியிருக்கும்வரை இறால் நாற்றம் உள்ளே போகாது. பெட்டியை எங்கள் காரில் ஏற்றிக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்தோம்.

ஒரு வாரம் வீடு அமைதியாக இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "தடா வரைக்கும் போயிட்டு வரலாமா?" என்றார். அதற்கடுத்த ஞாயிறும். நண்பர் தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிறவர். மூன்றாவது முறை எங்களைப் பார்த்ததும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்: "இன்னா நைனா, என்னப் பாக்க வரியா, எறாலப் பாக்க வரியா, டப்பாவப் பாக்க வரியா?"

கடைசியில் அந்த அறையின் குளிர்சாதனம் பழுதாகிவிட்டது, சரிசெய்ய நாளாகும், வந்து எடுத்துக்கொண்டு போ என்று அவரே கூப்பிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். கார் தடாவைத் தாண்டுவதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். வாரம் முழுக்க வேலை, ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போகக்கூட நேரமில்லாமல் ஒரு பெட்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தூக்கிக்கொண்டு அலைவது.

"நீங்க குடிக்கப் போறதில்ல. நானும் குடிக்க மாட்டேன். பத்து வருஷம் கழிச்சி யாரு குடிக்கறதுக்கு இத்த வெச்சிக்கினு இருக்கீங்க? சொல்லுங்க."

முன்னால் போன லாரியைப் பார்த்தபடியே ஓட்டினார்.

"டாக்டரு மாத்திர ஒரு மாசத்துக்கு எழுதறாரு" என்றார். "ரத்தப் பரிசோதன மூணு மாசம். எக்கோ ஆறு மாசம். எல்லாரும் எங்கிட்ட மாசக் கணக்குலதான் பேசறாங்க. பத்து வருஷம்னு பேசறது ஊட்ல அந்தப் பொட்டி ஒண்ணுதான்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எளாவூர் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஆந்திராவிலிருந்து குட்கா கடத்தி வருவதால் அன்றைக்குக் கார்களையும் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காவலர் டிக்கியைத் திறந்து, பெட்டியைத் திறந்து, வரிசையாக டின்களைப் பார்த்ததும் பெண் உதவி ஆய்வாளரைக் கூப்பிட்டார்.

"இன்னா சார் இது?"

"புகையில மேடம். பைப்புல போட்டுக் குடிக்கறது."

அவரே தன் வாயால் புகையிலை என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாள் பதறாமல், பெட்டிக்குள் கைவிட்டு இருப்பதிலேயே அதிகமாக உப்பியிருந்த ஒன்றை எடுத்தார். "இது ஒண்ணு தொறந்து காட்டிடுங்க. பாத்துட்டு அனுப்பிடறோம்."

"மேடம், வேற ஏதாவது எடுத்துக்கங்களேன்" என்றார் இவர்.

சொல்லியிருக்கக் கூடாது. காவலர் ஓரடி முன்னால் வந்தார். "ஏன் சார், இதுல இன்னா இருக்குது?"

"ஒண்ணுமில்ல. அதான் ரொம்பப் பழசு."

"பழசா இருந்தா இன்னா? தொறங்க."

இவர் டின்னை வாங்கி அடியில் ஒட்டியிருந்த வருடத்தைப் பார்த்தார். எங்களுக்குக் கல்யாணமாகி நாலைந்து வருடத்தில் வாங்கியது. என்னைப் பார்த்தார். ஒரு நாணயத்தை மூடியின் ஓரத்தில் வைத்துத் திருகினார். சோடா பாட்டிலைத் திறப்பது போல 'புஸ்' என்று சத்தம். காவலர் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வாசனை வந்தது. டீசல் புகையும் தூசியுமாக இருந்த அந்த இடத்தில் அது தனியாகத் தெரிந்தது. பக்கத்து லாரியில் உட்கார்ந்திருந்த கிளீனர்கூட எட்டிப் பார்த்தான்.

உதவி ஆய்வாளர் டின்னை வாங்கி முகர்ந்தார். "இன்னா சார், ஒயினு மாதிரி அடிக்குது." இலையை விரலால் கிளறிப் பார்த்தார். "இத்தன வருஷமா மூடியே வெச்சிருந்தீங்களா? எதுக்கு?"

நான்தான் சொன்னேன்: "பழசானா ருசி ஏறுமாம், மேடம்."

"நீங்க இத்த குடிப்பீங்களா சார்?"

"இல்ல மேடம். வுட்டுட்டேன். ஹார்ட்டு."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு டின்னை இரண்டு கையாலும் நீட்டினார். "சரி, போங்க. நல்லா மூடிக்கங்க" என்றார். ஒரு முறை திறந்த அந்த டின்னை இனி எப்படி மூடினாலும் மூடியதாகாது என்று அவருக்குத் தெரியாது.

கொஞ்ச தூரம் ஓட்டினார். லாரிகள் நிற்கிற ஒரு டீக்கடை பக்கத்தில் காரை ஓரம் கட்டினார். திறந்த டின் என் மடியில் இருந்தது. கார் முழுக்க வாசனை. கண்ணாடியை இறக்கலாமா வேண்டாமா என்றுகூடத் தெரியவில்லை. அவர் கை நீட்டி என் முன்னால் இருந்த சிறு அறையைத் திறந்தார். கார் காகிதங்களுக்கு அடியிலிருந்து துணியில் சுற்றிய பைப்பை எடுத்தார்.

இத்தனை மாதம் சட்டையை முகர்ந்தேன், மாடியைத் தேடினேன், காரில் பார்க்கவில்லையே.

"எப்போருந்து இது இங்க இருக்குது?"

"மொதல்லருந்தே. சும்மாதான் வெச்சிருக்கேன். வேணும்னா மோந்து பாரு."

முகர்ந்து பார்த்தேன். மரவாசனை மட்டும்தான். அவர் அதை வாங்கி, இலையைக் கிள்ளி உதிர்த்து, நிதானமாக அடைக்க ஆரம்பித்தார். முதலில் தளர்வாக, அதன்மேல் கொஞ்சம் அழுத்தி, அதற்கும் மேல் இன்னும் கொஞ்சம். வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தேன். அவர் பைப்பை என்னிடம் நீட்டினார்.

"நீ குடி."

"இன்னாது?"

"ஒரே ஒரு தடவ. எப்படி இருக்குதுன்னு சொல்லு. எனக்கு அது போதும்."

"பைத்தியமா புடிச்சிருக்குது உங்களுக்கு? ரோட்டுல நின்னு நான் பைப்பு புடிக்கணுமா?"

அவர் கெஞ்சவில்லை. பைப்பை நீட்டியபடியே இருந்தார். அதை வாங்கிக்கொண்டு இறங்கி, டீக்கடையில் தீப்பெட்டி வாங்கினேன். கடைக்காரர் என் கையிலிருந்ததைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. "நீங்க கார விட்டு எறங்கக் கூடாது. கண்ணாடி ஏத்திட்டு ஏசி போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் பஞ்சர் கடைச் சுவருக்கும் முள்வேலிக்கும் நடுவே போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் கார் தெரியும். புகை அந்தப் பக்கம் போகாது. இரண்டு தீக்குச்சி வீணாயிற்று. மூன்றாவதில் பற்றியது. போன் அடித்தது. காரிலிருந்து அவர்.

"இழுத்தியா?"

"இழுத்தேன். நாக்கு எரியுது. இதுக்கா இத்தன வருஷம்?"

"அவசரப்படாத. நெஞ்சுக்குள்ள இழுக்காத, வாயோட நிறுத்திக்க. சூடா டீய உறிஞ்சற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமா."

மெதுவாக இழுத்தேன். எனக்கு மெதுவாக எதுவும் வராது. நாலைந்து முறை அவர் சொல்லச் சொல்லத்தான் கை பழகியது.

"இப்போ?"

"ஒண்ணும் தெரியல… இருங்க. வைக்கோலு. மழையில நனஞ்சி காஞ்ச வைக்கோலு."

"அப்பறம்?"

"வெல்லம். பனவெல்லம் மாதிரி. கொஞ்சம் புளிப்பு கூட. கெட்டுப் போவப் போற திராட்ச."

காரைப் பார்த்தேன். இருக்கையில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். போன் காதிலேயே இருந்தது.

"கேக்கறீங்களா?"

"கேக்கறேன். ரொட்டி வாசன வருதா? ஓரம் கருவுன ரொட்டி?"

இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன். இருந்தது. "ஆமாங்க. வருது. கடைசியில வருது."

"இருக்கணும்" என்றார். "காரம்?"

"காரமே இல்ல. பீடி மாதிரி இல்லவே இல்ல."

இப்படியே கேட்டுக்கொண்டும் சொல்லிக்கொண்டும் இருந்தோம். இரண்டு கிளீனர்கள் பஞ்சர் கடைக்கு வந்து, சேலை கட்டிக்கொண்டு பைப் பிடிக்கிற பெண்பிள்ளையைப் பார்த்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார்கள். எனக்கு வெட்கம் கூட வரவில்லை. வாயில் இருப்பதற்குப் பெயர் தேடுவதிலேயே கவனம் போய்விட்டது. பைப்பில் பாதி தாண்டியிருக்கும், திடீரென்று தலை சுற்றியது. நெற்றியில் வியர்த்தது. அங்கே கிடந்த ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏங்க, எனக்கு ஒரு மாதிரி வருது."

கார்க் கதவு திறந்த சத்தம் கேட்டது. ஓடி வந்துவிட்டார். ஓடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். "பொகையில நிக்காதீங்க, அந்தாண்ட போங்க" என்று நான் தள்ள, "குடுத்துடு அத்த, குடு" என்று அவர் பைப்பைப் பிடுங்கித் தரையில் தட்டிக் காலால் அணைக்க, இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. டீக்கடையில் எலுமிச்சை சோடா வாங்கிக் கொடுத்தார். உப்புப் போட்ட சோடா. குடித்து முடிக்கும்வரை என் முதுகில் கையை வைத்துக்கொண்டே நின்றார்.

கவரைப்பேட்டை நெரிசலில் வண்டி நின்றபோது, "அந்த மெயின்டனன்ஸ் வேல இன்னும் காலியாதான் இருக்குதா?" என்று கேட்டார்.

"கேட்டுப் பாக்கறேன்."

"நானே கேக்கறேன். நம்பர் குடு."

எனக்கு நாக்கு இரண்டு நாள் எரிந்தது. சாம்பார்கூட வைக்கோல் மணம் அடித்தது. திறந்த டின்னை வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று நான் சொல்வதற்கு முன்பே, அவர் அதைத் தடா நண்பருக்குக் கொடுத்தனுப்பினார். நண்பர் அதை சிகரெட் தாளில் சுருட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சுருட்டு மாதிரி கீது நைனா" என்று போனில் சொல்ல, இவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. அன்றைக்கு முழுவதும் நண்பரோடு பேசவில்லை.

மற்ற டின்கள் படுக்கையறை மூலையில், தரையோடு, தெர்மோகோல் பெட்டியில் இருக்கின்றன. பெட்டி இப்போது நடப்பதில்லை. வெயில் ஏறும்போது அதைப் பார்க்க எனக்கு இன்னும் ஒரு மாதிரிதான் இருக்கும். உள்ளே என்ன நடக்கிறதோ, எது எப்போது வெடிக்குமோ. பைப்பை அவர் காரிலிருந்து எடுத்துச் செருப்பு டப்பாவில் போட்டுவிட்டார். எக்கோ பரிசோதனை வருகிற வாரமெல்லாம் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. போன முறை மருத்துவர் "இப்படியே இருக்கட்டும்" என்றார். அது நல்லதா கெட்டதா என்று வீடு வரும்வரை பேசிக்கொண்டு வந்தோம்.

அவர் வேலைக்குப் போக ஆரம்பித்து ஒரு வருடம் ஆகப் போகிறது. இரண்டு கம்பெனிக்கும் பொதுவாக ஒரு வேன் வருகிறது. திருநின்றவூர், பெரியபாளையம் வழியாக இருவரும் ஒன்றாகப் போகிறோம். இடைவேளையில் நான் போன் செய்வதற்கு முன்னால் அவரே செய்து, "போட்டுட்டேன், சாப்ட்டுட்டேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறார். ஆனால் வேனில் மட்டும் அவரால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. மேடு ஏறும்போது இன்ஜின் சத்தம் மாறினால் எழுந்து முன்னால் போய்விடுவார், கம்பியைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்து நிற்பார். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து தினமும் சொல்வதையே இன்று காலையும் சொன்னார்.

"சார், வண்டி நல்லாதான் ஓடுது. நீங்க போயி சீட்ல ஒக்காருங்க சார்."